ஒன்பதே முக்கால் லட்சம் பேர்: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் விடுபட்ட தரப்பு

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் தில்லியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமலிருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 15 ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பேசப்பட்டவர்களின் சார்பில் கையெழுத்திட அந்த மேசையில் எவரும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் மிகப் பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தவர். தன் மக்களைக் கலந்துகொள்ளாமல் செய்த ஏற்பாடு என்று அவர் இதை எதிர்த்தார். அந்த எதிர்ப்பால் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

சர்வதேச உறவுகள் படிக்கிற தமிழ் மாணவர்கள், உலக ஒழுங்கை அப்படியே ஏற்காமல் கேள்வி கேட்கும் விமர்சனக் கோட்பாடுகளைப் பெரும்பாலும் ஐரோப்பிய உதாரணங்கள் வழியாகவே கற்கிறார்கள். எனக்கு அது நெடுநாள் உறுத்தல். அரசுகளைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தெரியாத ஒரு ராஜதந்திரம் மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு, இலங்கையின் நுவரெலியாவுக்கும் நீலகிரிக்கும் இடையே நடந்த இந்தக் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கமான வாசிப்பு

அரசுகள் தங்கள் பலத்தையும் பாதுகாப்பையும் கணக்கிட்டே நடக்கின்றன என்னும், யதார்த்தவாதம் என்று பாடநூல்கள் சொல்லும் பார்வையில் இந்த ஒப்பந்தம் எளிதில் விளங்கிவிடும். 1962 போரில் சீனாவிடம் இந்தியா தோற்றிருந்தது. 1964 மே மாதம் நேரு காலமானார். அக்டோபர் 16 அன்று சீனா முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அதே மாதம் கெய்ரோவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டில் இரு பிரதமர்களும் கலந்துகொண்டார்கள். 1952 முதலே இலங்கைக்குச் சீனாவோடு அரிசி–ரப்பர் ஒப்பந்தம் இருந்துவந்தது. தெற்கே ஒரு நட்பு நாடாவது வேண்டும் என்று புதிய பிரதமர் நினைத்தது இயல்பே. அந்த நட்புக்கு இந்தியா கொடுத்த விலை ஐந்தேகால் லட்சம் பேரை ஏற்றுக்கொண்டது.

அரசுகள் பேசி ஒத்துழைக்க முடியும் என்னும் தாராளவாதப் பார்வையும் இதைப் பாராட்டும். 1954இல் நேருவும் இலங்கைப் பிரதமர் ஜான் கொத்தலாவலையும் செய்த உடன்பாடு நடைமுறையில் தேங்கிப்போயிருந்தது. பத்தாண்டு முட்டுக்கட்டையை இரு அரசுகளும் சண்டையில்லாமல் பேசித் தீர்த்துக்கொண்டன. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன.

இரண்டு வாசிப்புகளிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் 'பிரச்சினை' என்ற ஒன்று முன்பே அங்கே கிடந்தது போலவும், இரு தலைவர்களும் வந்து அதைத் தீர்த்துவைத்தது போலவும் தொடங்குகின்றன. 1981இல் கனடா நாட்டு அறிஞர் ராபர்ட் காக்ஸ் கோட்பாடுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். இருக்கும் ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்குள் எழும் சிக்கல்களைச் சரிசெய்யப் பார்ப்பது ஒரு வகை. அந்த ஒழுங்கே எப்படி வந்தது, யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்பது இன்னொரு வகை. இந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியைக் கேட்டால் 1964ஐ விட்டு 1948க்குப் போக வேண்டியிருக்கிறது.

நாடற்றவர்கள் உருவாக்கப்பட்ட விதம்

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், பிறகு தேயிலைக்காகவும் தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போனவர்கள் அவர்கள். எந்த நாட்டின் குடிமகன் என்ற கேள்வி அப்போது எழவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. 1947 தேர்தலில் இந்திய வம்சாவளியினரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மேலும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. இலங்கையின் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி தனிப் பெரும்பான்மை பெறவில்லை.

சுதந்திரம் வந்த அதே ஆண்டில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசையில் பிறந்த தன் தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் காட்ட எத்தனை தொழிலாளியால் முடிந்திருக்கும்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதாகச் சொன்னது. சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை பறிக்கப்பட்டது. இந்தச் சட்டங்கள் இலங்கைத் தமிழர் கட்சியான தமிழ்க் காங்கிரஸையும் பிளந்தன. சா. ஜே. வே. செல்வநாயகம் வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

ஆக, 1964இல் தில்லிக்கு வந்த 'பிரச்சினை' வானத்திலிருந்து விழவில்லை. ஒரு தேர்தல் முடிவுக்குப் பதிலடியாக இயற்றப்பட்ட சட்டங்களின் விளைவு அது. நேரு இருந்தவரை இந்தியாவின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது: விரும்பி விண்ணப்பிப்பவரை இந்தியா குடிமகனாக ஏற்கும், மற்றவர்கள் இலங்கையின் மக்கள். இலங்கை மறுத்துவிட்டதால் அவர்கள் இந்தியாவின் பொறுப்பாகிவிட மாட்டார்கள் என்பதே அதன் சாரம். சாஸ்திரி இதைக் கைவிட்டார். அவர் இரக்கமில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அதே 1964இல் பர்மாவிலிருந்து பல்லாயிரம் இந்தியர்கள் உடைமைகளை இழந்து சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்; புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளோடு மோதுவதில்லை என்ற கொள்கையும் இருந்தது. ஆனால் அவர் ஒப்புக்கொண்டதன் பொருளைப் பார்க்க வேண்டும். குடிமக்களைக் குடிமக்களல்லாதவர்களாக ஒரு சட்டத்தால் மாற்றிவிட்டு, பிறகு அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அண்டை நாட்டுக்கு அனுப்பலாம் என்பதற்கு அது சர்வதேச அங்கீகாரமாக அமைந்தது. உள்நாட்டுச் சட்டத்தால் மட்டும் இலங்கையால் இதைச் சாதித்திருக்க முடியாது. இன்னொரு அரசின் கையெழுத்து தேவைப்பட்டது.

ஒருவருக்கொருவர் அந்நியமாகிப்போன தரப்புகளை இணைத்து வைக்கும் கலையே ராஜதந்திரம் என்று சர்வதேச உறவுகள் அறிஞர் ஜேம்ஸ் டெர் டெரியன் 1980களில் எழுதினார். இந்த நிகழ்வை வைத்துப் பார்த்தால் அதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. இரண்டு அரசுகள் இணக்கமாவதற்காக மூன்றாவது தரப்பு ஒன்று தான் பிறந்த மண்ணிலேயே அந்நியமாக்கப்பட்டது.

ஒப்பந்தத்தின் வரிகளுக்குள்

ஒப்பந்தம் நீளமானதல்ல. அதை நிதானமாகப் படித்தால் அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது புலப்படும்.

அனுப்புவது 15 ஆண்டுகளில், முடிந்தவரை ஆண்டுதோறும் சமமான அளவில் நடக்க வேண்டும். இந்தியாவுக்குப் போவோர் எண்ணிக்கையும் இலங்கையில் குடியுரிமை பெறுவோர் எண்ணிக்கையும் ஒரே விகிதத்தில் நகர வேண்டும். அதாவது ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கையில் உரிமை. வேலையில் இருப்பவர் தன் முறை வரும்வரை, அல்லது 55 வயதுவரை வேலை செய்யலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது. சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) பணிக்கொடையும் அந்தக் கணக்கில் அடங்கும்.

இந்த விதிகளைத் தயவு என்று வாசிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. அப்போது இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. தோட்டங்களில் கணிசமானவை லண்டனில் பதிவான கம்பெனிகளிடம் இருந்தன. ஐந்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் கிளம்பினால் மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசைக்கு, யார் வருவார்கள்? ஆண்டுக்கு இவ்வளவு என்ற சீரான வெளியேற்றமும், 55 வயதுவரை வேலை என்ற சலுகையும் உழைப்பு தடைபடாமல் இருக்க உதவின. உழைக்கும் காலம் இலங்கைக்கு, ஓய்ந்த காலம் இந்தியாவுக்கு. ஒப்பந்தத்தில் தோட்டக் கம்பெனிகளின் பெயர் எங்கும் இல்லை. அவற்றின் நலன் குலையாதபடி அட்டவணை அமைந்திருக்கிறது. அரசுகளுக்கு இடையிலான உறவைத் தோட்டப் பொருளாதாரத்திலிருந்து பிரித்துப் படித்தால் இது கண்ணுக்கே படாது.

சொல்லாமல் விட்டதும் முக்கியம். போக விரும்பாதவரை என்ன செய்வது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. கட்டாயமா, விருப்பமா என்ற கேள்வியை இரு அரசுகளும் திறந்தே வைத்தன. கையெழுத்தான சில நாட்களிலேயே, இலங்கைக் குடியுரிமை பெறும் மூன்று லட்சம் பேரும் தனி வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள் என்ற பேச்சு கொழும்பில் எழுந்தது. தொண்டமானும் தில்லியும் ஆட்சேபித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரே ஒரு வாக்கில் சிறிமாவோவின் அரசு கவிழ்ந்தது. பிறகு வந்த டட்லி சேனநாயக்க அரசு 1967இல் நடைமுறைச் சட்டத்தை இயற்றியது. இந்தியக் குடியுரிமை பதிவானாலே போதும், அதற்கேற்ற விகிதத்தில் இலங்கைக் குடியுரிமை தரலாம் என்றது அது. 1970இல் சிறிமாவோ மீண்டும் ஆட்சிக்கு வந்ததும், ஆள் உண்மையில் கப்பலேறினால்தான் கணக்கு என்று சட்டம் மாற்றப்பட்டது. அடுத்த வீட்டுக்காரர் எப்போது புறப்படுகிறார் என்பதைப் பொறுத்து ஒருவருடைய பிரஜாவுரிமை தீர்மானிக்கப்பட்டது.

கேட்கப்படாமலே வந்த பதில்

இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி விண்ணப்பக் கணக்கு. 1970 வாக்கில் விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தபோது ஒப்பந்தத்தின் விகிதம் தலைகீழாகியிருந்தது. மூன்று லட்சம் இடங்களைத்தான் இலங்கை வைத்திருந்தது. அதன் குடியுரிமை கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 5,25,000 என்ற ஒதுக்கீட்டையே எட்டவில்லை.

யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. வாக்குரிமையே இல்லாத மக்கள், கையில் கிடைத்த விண்ணப்பப் படிவத்தை வாக்குச்சீட்டாக்கித் தங்கள் நாடு எது என்று எழுதிக் கொடுத்தார்கள். இரு அரசுகளும் அதைக் கருத்தாகக் கருதவில்லை. எண்ணிக்கைக் குறைபாடாகக் கருதின.

பிறகு நடந்தவை பலருடைய மனதை மாற்றின. 1973–74இல் தோட்டங்களைப் பஞ்சம் தாக்கியது. பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் தோட்டங்கள் அரசுடைமையாகி, பல இடங்களில் தொழிலாளர் குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1977, 1981, 1983 கலவரங்கள் இந்தத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்தையும் எரித்தன. சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். பலர் கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் வரிசையில் நின்றார்கள். 'தாமாக முன்வந்து' சென்றவர்கள் என்று ஆவணங்களில் பதிவானவர்களில் எத்தனை பேர் பசியாலும் பயத்தாலும் கோச்சி (ரயில்) ஏறினார்கள் என்பதை எந்த ராஜதந்திரப் பட்டியலும் பிரித்துக் காட்டாது.

சர்வதேச அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பெண்ணிய அறிஞர் சிந்தியா என்லோ எழுப்பிய கேள்வியை இங்கே கேட்டே ஆக வேண்டும். கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். தேயிலை தந்த அந்நியச் செலாவணி அவர்கள் விரல்களின் உழைப்பில் வந்தது. ஆனால் 1948 சட்டம் தகப்பன் வழியை மட்டுமே கேட்டது. விண்ணப்பம் குடும்பத் தலைவரின் பெயரால் போனது. மணமான மகள் கணவன் வீட்டு விண்ணப்பத்தில் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக்கு இந்தியா, புகுந்த வீட்டுக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் மலையகம் முழுக்க இருந்தன. தாய் தலைமன்னாரில் கப்பலேறிய பிறகு மகள் அவளை மறுபடி காண வேண்டுமானால் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். தோட்டக் கூலியில் அது நடக்கிற காரியமா? ஒப்பந்தம் மனிதர்களை எண்ணியது. உறவுகளை எண்ண அதில் இடமே இல்லை.

1974, இரண்டு ஒப்பந்தங்கள்

தள்ளி வைக்கப்பட்ட ஒன்றரை லட்சம் பேரின் கணக்கு 1974 ஜனவரியில் முடிந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த 75,000 பேர் இங்கே, எந்த 75,000 பேர் அங்கே என்பதற்கு எந்த நியாயமும் சொல்லப்படவில்லை. பாதி என்பதே நியாயமாக இருந்தது.

அதே ஆண்டு ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் வந்தது. இன்றுவரை தமிழ்நாட்டு மேடைகளில் கச்சத்தீவு ஒலிக்காத தேர்தல் இல்லை. சட்டமன்றத் தீர்மானங்கள், வழக்குகள் எல்லாம் உண்டு. மீனவர் வாழ்வைத் தொடும் விஷயம் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் ஐந்து மாதம் முன்பு ஒன்றரை லட்சம் தமிழர்கள் பங்கிடப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. நிலப்பரப்பை இழப்பதை இறையாண்மை இழப்பாகப் பார்க்கப் பழகிய நாம், மக்களைப் பங்கிட்டதை நிர்வாக ஏற்பாடாக எடுத்துக்கொண்டோம். அரசுகளின் பார்வை குடிமக்களாகிய நம்மிடமும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் விமர்சனக் கோட்பாடு வெளியுறவு அமைச்சகங்களை மட்டும் விசாரித்தால் போதாது என்கிறேன்.

இக்கரையில்

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்த ராமானுஜம் கப்பலில் இறங்கியவர்கள் மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். இந்த முகாம்தான் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து, நோய்ப் பரிசோதனை செய்து அனுப்பிய இடம். பாட்டன் வெளியே போன வாசலில் பேரன் உள்ளே வந்தான். இடையில் கழிந்தது இலங்கைக்குக் கொடுத்த உழைப்பு.

ஒப்பந்தம் போட்டது தில்லி. வாழவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் சென்னைக்கு. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. அவைதான் பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ ஆயின. கன்னியாகுமரி, கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா ஆகிய இடங்களில் ரப்பர் தோட்டங்கள் வந்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைத்தது குடும்ப அட்டையும் ஒரு சிறு வணிகக் கடனும்தான். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் திருச்சியிலும் மதுரையிலும் பெட்டிக்கடை வைத்து என்ன செய்ய முடியும்? கடன் தொகையும் போய், கையிருப்பும் போய், மறுபடி மலையேறிக் கூலிகளாக நின்றார்கள். பிறந்த நாட்டில் 'கள்ளத்தோணி' (திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்) என்று ஏசப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

1984இல் போர்ச் சூழலில் கப்பல் நின்றது. அதுவரை வந்து சேர்ந்தவர்கள், ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர்தான் என்பதால், 1974 கணக்கின்படி இந்தியாவுக்குரிய ஆறு லட்சத்தில் 94,000 பேர் குறைந்தார்கள். 1986இல் இலங்கை அவர்களையும் ஏற்றுக்கொண்டது. 1948இல் முடியவே முடியாது என்ற நாடு 1988இலும் 2003இலும் படிப்படியாக மற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கியது. இடையில் மாறியது என்ன? மலையக மக்கள் வாக்காளர்களாக மீண்டும் எண்ணிக்கை பெற்றார்கள். தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இருந்தார். தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தாலும் பேரத்தாலும் அழுத்தம் கொடுத்தன. உள்நாட்டுப் போரின் நெருக்கடியும் சேர்ந்தது. இரு பிரதமர்கள் தீர்த்ததாகச் சொன்ன விஷயத்தில் அந்த மக்களின் சங்கங்கள் பெரும்பங்கை முடித்துவைத்தன. விமர்சன எழுத்துகள் பலவற்றில் நான் காணும் குறை இந்த இடத்தில்தான். அதிகாரத்தை நுட்பமாக விவரிக்கும் அவை, அதிகாரத்துக்கு ஆட்பட்டவர்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக விட்டுவிடுகின்றன. தொழிற்சங்கத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால், அதுவும் அந்த மேசையில் இம்மக்களுக்கு நாற்காலி போடாத இன்னொரு கதையாகிவிடும்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விவரம் இருக்கிறது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் குடியுரிமைக்கு உரியவர்கள் என்கிறது அது. அவர்களை வெளியே அனுப்ப முடிவெடுத்த அதே தேதி, அவர்கள் அங்கேயே வாழ்ந்ததற்குச் சான்றாக வைக்கப்பட்டது.

இருந்தும் கணக்கு தீரவில்லை. 1983க்குப் பிறகு அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. இவர்களில் சிலருடைய குடும்பங்கள் ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவை. கலவரத்தில் ஆவணங்கள் இல்லாமல் படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டம் கிடைத்தது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இத்தகைய 65 பேரின் வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்க வழிகாட்டியது. அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைக் குறிப்பிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நாடற்றோர் நிலை குறித்த 1954ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. அதனால் அகதி முகாம்களில் வாழும் இவர்கள் தங்கள் கோரிக்கையை எழுப்ப இன்று எஞ்சியிருப்பவை ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் ஓர் உயர் நீதிமன்றமும்தான். 5,25,000 பேரை ஏற்போம் என்று ஒரு பிரதமர் எழுத்தில் கொடுத்த வாக்கை அவர்கள் அங்கேதான் எடுத்துக்காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.